சைக்கிள் பாதையில் காய்ந்த மக்காச்சோளம்

என்னிடம் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று அரியலூரில், எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை போக. இன்னொன்று பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸ் வரை போக. நடுவில் இருக்கும் தூரத்துக்குப் பஸ். இரண்டு ஊரிலும் சைக்கிள் ஸ்டாண்டுக்காரர்கள் எனக்கு நல்ல பழக்கம். ஒருவர் காலையில் வணக்கம் சொல்வார், மற்றவர் சாயங்காலம் காற்று குறைந்திருப்பதைச் சொல்வார்.

சிவில் படித்துவிட்டு, சாலை வேலைகளுக்கு அளவெடுத்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் ஒன்றில் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளில் சைக்கிள் பாதை வேலை ஒன்று வந்தது. பெரம்பலூர் டவுனை ஒட்டியிருக்கும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்து பக்கத்துக் கிராமம் வரை, தார் ரோட்டுக்கு இடப்புறம் தனிப் பாதை. மற்றவர்கள் யாரும் அந்தக் கோப்பைக் கையில் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

டீ நேரத்தில் சீனியர் ஒருவர் கேட்டார்: "சைக்கிளுக்குத் தனி ரோடா? இந்தக் காலத்துல எவன்மா சைக்கிள் ஓட்டுறான்?"

"எவனும் ஓட்டலை சார். ஓட்டுறதெல்லாம் பொண்ணுங்கதான்."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வரைபடம் போடுவதற்கு முன்னால் அந்தச் சாலையில் காலையும் மாலையும் நின்று, யார் யார் சைக்கிளில் போகிறார்கள் என்று பார்த்திருந்தேன். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கும் சைக்கிளில் பள்ளிக்கூடப் பெண்கள். கீரைக்கட்டு கொண்டுபோகும் இரண்டு பேர். துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர். பால் கேன் மாட்டிய ஒரு பெரியவர். பையன்களுக்கும் அதே சைக்கிளைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் பையன் கொஞ்சம் வளர்ந்ததும் வீட்டில் இருக்கிற பைக் அவன் கைக்குப் போய்விடுகிறது, சைக்கிள் தங்கச்சிக்கு வந்துவிடுகிறது. ஆக, அந்தப் பாதை யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பாதி கிராமத்திலிருந்து நாலுரோடு வரை. இரண்டாம் பாதி நாலுரோட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை. ஜல்லி குவாரியிலிருந்து வரும் டிப்பர்கள் நாலுரோட்டில்தான் இந்தச் சாலையில் ஏறுகின்றன. அதாவது ஆபத்தெல்லாம் இரண்டாம் பாதியில். அதைத்தான் முதலில் போட வேண்டும் என்று நான் சொன்னேன். இடம் அகலமாக இருப்பது முதல் பாதியில். அதைப் போட்டு, ஜனங்கள் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம் என்று மேலே இருக்கும் பெரிய சார் சொன்னார். சரி என்று முதல் பாதியைச் சரியாகப் போட்டேன். வயல் ஈரத்துக்குத் தார் தாங்காது என்பதால் கான்கிரீட் தளம். தார் ரோட்டிலிருந்து வண்டி ஏறாதபடி ஒரு வரிசை கெர்ப் கல், வயல் பக்கம் மண் சரியாதபடி இன்னொரு வரிசை. மழைத்தண்ணீர் போகக் கல்லுக்குக் கல் இடையில் சின்னச் சின்ன வழி.

மழைக்காலம் முடிந்து மார்கழியில் பாதை திறந்தது. பெண்கள் அன்றைக்கே அதில் ஏறிவிட்டார்கள். நாலுரோடு வரை சைக்கிளில் வந்து, பூக்கடைக்குப் பின்னால் வரிசையாகப் பூட்டி வைத்துவிட்டு, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ் பிடிப்பார்கள். மீதிப் பாதை போட்டுவிட்டால் பஸ்ஸே வேண்டாம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பதினோராம் வகுப்பு, கணக்குப் பிரிவு. நான் அளவெடுக்கும் நாட்களில் டேப்பின் மறுமுனையை அவளாகவே வந்து பிடிப்பாள். பன்னிரண்டாம் வகுப்பில் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் நடக்கும், அது முடியும்போது கடைசி டவுன் பஸ் போய்விடும், சைக்கிள் இருந்தால்தான் கிளாஸுக்கு இருக்க முடியும். இதையெல்லாம் அவள்தான் சொன்னாள். அவளுடைய அம்மாவின் தீர்ப்பையும் சொன்னாள்: ஸ்கூல் வரைக்கும் தனிப் பாதை போட்டால் சைக்கிள், இல்லையென்றால் பஸ்தான், கிளாஸ் கிடையாது. டிப்பருக்கு நடுவில் மகளை விட அந்த அம்மா தயாரில்லை. நானாக இருந்தாலும் விடமாட்டேன்.

தை பிறக்கக் கொஞ்ச நாள் இருந்தது. பொங்கல் கழிந்ததும் பெரிய சார் பாதையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கிராமத்து ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தூரத்திலிருந்து பார்த்தபோது பாதைக்கு யாரோ மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

கிட்டப் போனால் மக்காச்சோளம். கண்ணுக்கு எட்டிய வரை, இந்தக் கல் வரிசைக்கும் அந்தக் கல் வரிசைக்கும் நடுவில், சமமாகப் பரப்பி வைத்திருந்தார்கள். மழைத்தண்ணீருக்கு நான் விட்ட வழிகளில் எல்லாம் சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். நடுவில் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெண் காலால் சோளத்தைக் கிளறிக்கொண்டே நடந்து வந்தார். டேப் பிடித்த பெண்ணின் அம்மா.

"வாங்க இஞ்சினியரம்மா. செருப்பக் கழட்டிட்டு வாங்க, சோளம் காயுது."

நான் போட்ட பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சோளம் காலுக்குக் கீழே வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, இது சைக்கிள் போற பாதை."

"தெரியுமே. எம் மவதான தெனம் போறா."

"இப்ப எதுல போறா?"

"இந்தச் சோளம் காயிற வரைக்கும் பஸ்ல போறா. சைக்கிளப் பூட்டிட்டேன்." முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார். சாவி அதில் இருந்தது. "தார் ரோட்டுல வுட்டா பஸ்காரன் ஒரசிட்டுப் போவான்ல."

"அதுக்குத்தான தனிப் பாதை?"

"அதுலதான் சோளம் கெடக்குதே."

அடுத்த துண்டில் சோளம் கிளறிக்கொண்டிருந்த இன்னொரு அம்மா திரும்பினார். "ஏண்டி, மவளுக்கு வழிய மறிச்சதே நீதான். இதுல பஸ்காரனச் சொல்ற."

"நீ மட்டும் என்னவாம். பாயி தலகாணி எல்லாம் போட்டவ மாரி அந்த ஓரம் முச்சூடும் நீதான் பரத்தி வச்சிருக்க."

"எனக்கு ரெண்டு காணி நெலம். ஒனக்கு எத்தன? சொல்லேன், மேடம் கேக்கட்டும்."

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு எத்தனை நாள், சோளம் காய எத்தனை நாள்.

"இந்த மாரி எடம் எங்க கெடைக்கும் கண்ணு?" என்றார் முதல் அக்கா. "மண்ணு இல்ல, கல்லு இல்ல. ரெண்டு பக்கமும் கர கட்டியிருக்கு. ஒரு மணி வெளிய போகல. தார் ரோட்டுல பரத்துனா பாதி சக்கரத்துக்கே போயிரும். எங்களுக்குன்னே அளந்து போட்ட மாரி இருக்கு."

அவர் மனதாரப் பாராட்டினார். கெர்ப் கல்லின் உயரத்துக்காக ஆபீஸில் நான் எவ்வளவு வாதாடினேன் என்று அவருக்குத் தெரியாது. அந்த உயரம் சைக்கிளைக் காப்பாற்றும் என்று சொன்னேன். சோளத்தையும் காப்பாற்றும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"அக்கா, பொங்கல் கழிஞ்சு பெரிய சார் வராரு. இதப் பாத்துட்டுத்தான் ஸ்கூல் வரைக்கும் போடறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாரு. இப்படிக் கெடந்துச்சுன்னா, இது யாருக்கும் தேவைப்படலன்னு எழுதிட்டுப் போயிருவாரு."

அவருடைய கால் நின்றது.

"வாரிடலாம்," என்றார். "வாரி எங்க கொட்டுறது, அதச் சொல்லுங்க. ஈரம் இருக்கு. இப்படியே மூட்டை கட்டுனா பூசணம் புடிச்சிரும். வியாபாரி கைய வுட்டுப் பாத்துட்டு வேணாம்பான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

பஸ்ஸில் போகும்போது வழிகளை வரிசைப்படுத்தினேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும். போலீசை வைத்து வாரச் சொல்லலாம்; சொன்னால் அடுத்த வருடம் பாதை மேலேயே ஊருக்கு வெறுப்பு வரும். நடுவில் கம்பம் நடலாம். கம்பத்தைச் சுற்றியும் சோளம் பரப்பலாம், சைக்கிள்தான் முட்டும். நோட்டீஸ் ஒட்டலாம் என்று சீனியர் போனில் சொன்னார். அந்த நோட்டீஸின் மேலேயே சோளம் காயும். பெரிய சார் வருகையைத் தள்ளிப்போடச் சொல்லலாம். சோளம் போனால் அடுத்து உளுந்து வரும், எள்ளு வரும். நான்கையும் அடித்துவிட்டேன். மிஞ்சியது அந்த அக்காவின் கேள்விதான். வாரி எங்கே கொட்டுவது? அப்படியானால் போன வருடம் எங்கே கொட்டினார்கள்?

மறுநாள் திரும்பவும் போனேன். டிராக்டர் ஏறி உடைந்த ஒரு கெர்ப் கல்லை மாற்ற வேண்டியிருந்தது. பாதை போட்ட கான்ட்ராக்டரின் மேஸ்திரிக்குப் போன் செய்து மிச்சக் கல் எங்கே என்று கேட்டேன்.

"மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி கெடக்கு மேடம். வேணுங்கறத எடுத்துக்குங்க, யாரும் கேக்க மாட்டாங்க."

கோயிலுக்குப் பின்னால் பெரிய காலியிடம். ஒரு பக்கம் ஜல்லிக் குவியல், ஒரு பக்கம் எம்-சாண்ட், நடுவில் உடைந்த கெர்ப் கற்கள், மழையில் நனைந்து மூட்டையாகவே இறுகிப்போன சிமெண்ட், கலவை காய்ந்து ஒட்டிய ஒரு பழைய டிரம். நல்ல கல்லைத் தேடிக் குவியலுக்குள் இறங்கினேன். காலடியில் ஜல்லி சரிந்தது. அடியில் மண் வரும் என்று எதிர்பார்த்தேன். சிமெண்ட் தளம் வந்தது. காலால் ஜல்லியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வழுவழுப்பான தளம், ஒரு மூலையை நோக்கி லேசான சரிவு, சுற்றிலும் கணுக்கால் உயரத்தில் வரம்பு. எதற்குக் கட்டிய தளம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊர்க் களம். பாதை போட வந்த சாமான்கள் எல்லாம் அதன் மேல் கிடந்தன.

நேராக அக்காவிடம் போனேன்.

"போன வருசம் சோளத்த கோயில் பின்னாடிதான காய வச்சீங்க?"

"ஆமா, களத்துல. ஒங்க மேஸ்திரி வந்து கேட்டாரு, பாதை போடற வரைக்கும் சாமான் போட எடம் வேணும்னு. நம்ம புள்ளைங்க போறதுக்குத்தானேன்னு ஊரே சரின்னுச்சு."

"வேலை முடிஞ்சப்புறம் எடுக்கச் சொல்லலையா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அதுக்குப் பதிலுக்குத்தானே இதப் போட்டுக் குடுத்தீங்க? அந்தக் களம் போச்சு, இந்தக் களம் வந்துச்சு. காலையில சைக்கிளு, அறுப்புக்குச் சோளம். அப்படித்தான் நெனச்சோம். இல்லன்னா ரெண்டு பக்கமும் எதுக்கு வரப்பு கட்டுவீங்க?"

அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. களம் கட்டிப் பழகியவர்கள் என் பாதையைப் பார்த்தால் களமாகத்தான் தெரியும்.

ஸ்டாப்பில் நின்றபடியே மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

"கோயில் பின்னாடி இருக்கறத எல்லாம் பொங்கலுக்கு முன்ன எடுத்துருங்க."

"மேடம், வேலை முடிஞ்சு போச்சு. ஜேசிபி வேற எடத்துல நிக்குது. பொங்கல் கழிஞ்சு பாப்போம்."

"சரிங்க. அப்ப உங்க பில்லுக்கான கடைசி அளவையும் பொங்கல் கழிஞ்சே எடுத்துக்கலாம்."

"என்ன கடைசி அளவு? அதான் நடந்து நடந்து அளந்தீங்களே."

"பாதை முடிஞ்சிருக்கு. வேலை முடியல. சாமான் போட வாங்குன எடத்த முன்ன இருந்த மாதிரி குடுக்கறதும் வேலைதான். நீங்க கையெழுத்துப் போட்டதுலயே இருக்கு. நான் சேந்து கையெழுத்துப் போடணும்னா களத்தையும் பாத்துட்டுத்தான் போடுவேன்."

"பாக்க அமைதியா இருக்கீங்க மேடம்."

"அமைதியாத்தான் சொல்றேன்."

ஜேசிபி போகிக்கு முன்னால் வந்துவிட்டது. வாளியின் பல் பட்டு ஒரு மூலையில் தளம் பெயர்ந்தபோது, நான் வாய் திறப்பதற்குள் மேஸ்திரியே "பூசிடறேன், பூசிடறேன், பாக்காதீங்க" என்றார். பூசினார். ஊர்ப் பெண்கள் களத்தைக் கழுவிக் காய விட்டார்கள். அப்புறம் பாதையிலிருந்த சோளத்தை வாரிச் சாக்கில் கட்டி, டிராக்டரில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுபோனார்கள். அக்காவின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கல் இடுக்குகளில் அடைத்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கொஞ்சம் கோபத்தோடு பிடுங்கியது மாதிரி எனக்குப் பட்டது.

களம் எல்லோருக்கும் போதவில்லை. யாருக்கு முந்தி அறுப்போ அவர்களுக்கு முந்தி இடம் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். கடைசியாக அறுத்தது ரெண்டு காணி அம்மாவின் இரண்டாவது காணி.

பொங்கல் கழிந்து பெரிய சார் வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தார். பாதை சுத்தமாக இருந்தது, ஒரு துண்டைத் தவிர. அந்தத் துண்டில் ரெண்டு காணி அம்மாவின் சோளம் பாதி அகலத்துக்குப் பரப்பிக் கிடந்தது. அவருக்குக் களத்தில் முறை வர இன்னும் ஒரு நாள் இருந்தது.

சார் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். "இது என்னம்மா?"

"மக்காச்சோளம் சார்."

"அது தெரியுது. சைக்கிள் பாதையில எதுக்குக் கெடக்கு?"

"வேலை நடக்கும்போது ஊர்க் களத்துல சாமான் போட்டுட்டோம் சார். முடிஞ்சப்புறமும் எடுக்கல. அதனால இங்க வந்துச்சு. இப்ப எடுத்தாச்சு. இது மட்டும் நாளைக்கு அங்க போயிரும். வாங்க, களத்தக் காட்டறேன்."

அவர் நடக்கத் தொடங்குவதற்குள் மணிச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடப் பெண்கள் ஊரிலிருந்து வரிசையாக வந்தார்கள். ரெண்டு காணி அம்மா அவசரமாகச் சோளத்தைக் காலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே, "போங்கடி, போங்கடி. ஒரு மணிய மிதிச்சீங்கன்னா தெரியும் சேதி," என்றார். பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மீதி அகலத்தில் போனார்கள். சார் கடைசி சைக்கிள் போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் ஸ்கூல் வரைக்கும் போறாங்களா?"

"இல்ல சார். நாலுரோட்டுல பூட்டிட்டு பஸ் ஏறுவாங்க. அதுக்கு மேல டிப்பர்."

தன் சோளம் முழுதாகக் காயாததால் இன்னும் சாவி முடிந்த முந்தானையோடு அக்கா பக்கத்தில் வந்து நின்றிருந்தார். சார் அவரிடம் கேட்டார்: "மீதியும் போட்டா அதுலயும் சோளம் பரப்புவீங்களா?"

"களம் இருந்தா எதுக்குங்க பரப்பப் போறோம்? களத்த மறுபடியும் எடுத்துக்கிட்டீங்கன்னா வருவோம்."

சார் என் பக்கம் திரும்பினார். "ஆக, பாதையில சோளம் இல்லாம இருக்கணும்னா?"

"களத்துல இருக்கணும் சார். ரெண்டாவது பாதிக்கு மதிப்பீடு போடும்போது சாமான் எங்க போடறதுன்னு முதல்ல காட்டிடறேன். இந்தக் களத்தையும் கொஞ்சம் பெருசாக்கலாம், கடைசியா அறுக்கறவங்களுக்கும் எடம் வேணும்."

"போட்டுக் கொண்டாங்க," என்றார். ஜீப்பில் ஏறும்போது காலில் ஒட்டிய சோளத்தை உதறி மறுபடியும் குவியலிலேயே போட்டார்.

இரண்டாம் பாதிக்கு நான் முதலில் அளந்தது பாதையை அல்ல. ஜல்லி கொட்டும் இடத்தை. நாலுரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் விளையாத ஒரு புறம்போக்கு. அதில் யாரும் எதையும் காய வைப்பதில்லை என்று நான்கு வீடுகளில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் வரைபடத்தில் குறித்தேன். டிப்பர் திரும்பும் இடத்தில் பாதையைச் சாலையை விட உயர்த்தி மேடாக்கினேன். டிப்பர் அந்த மேட்டில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும், வேகமாக ஏறினால் ஜல்லி சிதறி ஓட்டுநருக்கே நஷ்டம். வேகத்தடையை விட அது நன்றாக வேலை செய்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கடைசிக் கல்லைப் பதித்தோம். அக்கா நாலுரோட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை தானே நடந்து பார்த்தார். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, "அந்த வளைவுல ஒரு லைட்டு வேணும்," என்று மட்டும் சொன்னார். எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான், கோடை லீவுக்கு மறுபடியும் சைக்கிள் சாவியை முடிந்து வைத்திருந்த முந்தானையை அவிழ்த்தார்.

லைட் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், வரும். போன வாரம் சாயங்காலம் அந்த வளைவில் கம்பம் நட இடம் பார்க்க என் பெரம்பலூர் சைக்கிளில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். கடைசி டவுன் பஸ் தார் ரோட்டில் என்னைத் தாண்டிப் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பின்னாலிருந்து மணி அடித்தது.

"அக்கா, ஓரம்."

ஒதுங்கினேன். புத்தகப் பை கேரியரில் குலுங்க, அக்காவின் மகள் என்னைத் தாண்டிப் போனாள்.